சுங்கை சிப்புட்டில் மாமாவுக்கு வந்த டிங்கி

மலேசியாவில் ஐசியை (அடையாள அட்டையை) காட்டி ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட், கட்டினால் அரசாங்க கிளினிக்கில் டாக்டரைப் பார்க்கலாம், ரத்தம் சோதிக்கலாம், மருந்தும் வாங்கிக்கொண்டு வரலாம். மெல்பர்னில் உட்கார்ந்துகொண்டு "ஊரில் என்ன இருக்கிறது" என்று பேசும் நம்மவர்களுக்கு இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இந்த முறை சுங்கை சிப்புட்டுக்குப் போயிருந்தபோது அக்கா வீட்டு மாமா டிங்கி (டெங்கு) காய்ச்சலில் விழுந்தார். என் லீவில் பாதி அவரோடுதான் போனது. தோட்டத்துப் பக்கம் பெற்றோரை விட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

மாமா செம்பனைத் தோட்டத்தில் மண்டோர், வேலையாட்களை மேய்ப்பவர். காய்ச்சல் கண்ட அன்று, கூட்டம் இருக்காது என்று கடைத்தெருவில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனார். இடுப்பில் ஒரு வலி ஊசி, கை நிறைய ஆன்டிபயாட்டிக், அறுபது வெள்ளி. ரத்தம் எடுக்கவில்லை. டிங்கி வைரஸால் வருவது. ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது. டிக்ளோஃபெனாக் மாதிரி வலி மருந்துகள் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு குறைகிற நோயில் சதையில் ஊசி குத்துவதே தவிர்க்க வேண்டிய காரியம். டிங்கி இல்லாத மாதமே இல்லாத நாட்டில் காய்ச்சல்காரரை இப்படி அனுப்பி வைத்தது எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று நம் ஆட்கள் கேட்டு வாங்குவதும் இதற்கு ஒரு காரணம்தான்.

மறுநாள் அரசாங்க கிளினிக். காத்திருக்க வேண்டியிருந்தது, காலையில் போனால் மதியம் ஆகிறது. ஆனால் உள்ளே போன பிறகு அவசரப்படுத்தவில்லை. ஸ்டெதஸ்கோப்பை எடுப்பதற்கு முன்பே டாக்டர் கேட்க ஆரம்பித்தார். எங்கே வேலை? கை காலில் புண் உண்டா? கால்வாயில் இறங்கினீர்களா? எலி நடமாட்டம் எப்படி? வேலை செய்யும் இடம் காட்டோரமா, குரங்கு வருமா? தாமானில் (குடியிருப்பில்) வேறு யாருக்காவது காய்ச்சலா?

குரங்குக் கேள்வி அக்காவுக்கு விளங்கவில்லை. அது மலேரியாவுக்காக. மலேரியா நம் தோட்டங்களில் பழைய கதை என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். நம் தாத்தா பாட்டி காலத்துக்கும் முன்னால் சஞ்சிக்கூலிகளாக, அதாவது ஒப்பந்தக் கூலிகளாக, வந்தவர்கள் அதில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். 1901-இல் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் கிள்ளானில் சதுப்பு நீரை வடித்துக் கொசுவை அடக்கிக் காட்டினார். பிறகு தோட்டங்களிலும் அந்த வேலை நடந்தது. 2018-இல் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்நாட்டு மலேரியா மலேசியாவில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக வரும் நோலெசி மலேரியா இருக்கிறது. 2004-இல் சரவாக்கின் காப்பிட் பகுதியில் பால்பீர் சிங்கும் ஜெனட் காக்ஸ் சிங்கும் அது மனிதர்களிடம் பரவலாக இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அது வேறொரு சாதாரண மலேரியா போலவே தெரியும். பிசிஆர் மரபணுச் சோதனைதான் அடையாளம் காட்டியது. அந்தக் கிருமி ரத்தத்தில் 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகும், அதனால் ஆளைச் சீக்கிரம் சாய்த்துவிடும். எலிக் கேள்வி எலிக்காய்ச்சலுக்காக. எலி மூத்திரம் கலந்த தண்ணீர் புண்ணில் பட்டால் வருவது. அதற்கு டாக்சிசைக்ளின், பென்சிலின் என்று ஆன்டிபயாட்டிக் உண்டு, சீக்கிரம் கொடுத்தால் பிழைக்கலாம். முதல் இரண்டு நாளில் இந்த மூன்று காய்ச்சலும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் வைத்தியம் மூன்றுக்கும் வேறு வேறு. அந்தக் கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும், "சும்மா காய்ச்சல்தான் டாக்டர்" என்று முடித்துவிடக்கூடாது.

பிறகு ரத்தம். ஒரு சொட்டை விரல் நீளப் பிளாஸ்டிக் பட்டையில் விட்டார்கள். கால் மணி நேரத்தில் இரண்டாவது கோடு மங்கலாக எழும்பியது, டிங்கிதான். அந்தப் பட்டை தேடுவது என்எஸ்1, டிங்கி வைரஸ் ரத்தத்தில் விடும் புரதம். காய்ச்சலின் முதல் நாளிலிருந்தே அகப்படும். உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை ஐந்தாம் நாள் வாக்கில்தான் கைகொடுக்கும். டிங்கியில் நான்கு வகை உண்டு. ஏற்கெனவே ஒரு வகை வந்தவருக்கு இன்னொன்று வந்தால் நோய் கடுமையாகலாம், என்எஸ்1-ம் சில நேரம் ஏமாற்றிவிடும். அதனால் கோடு விழவில்லை என்று வந்தாலும் டிங்கி இல்லை என்று அர்த்தமில்லை.

டிங்கியைக் கொல்லும் மருந்து கிடையாது. ரத்த எண்ணிக்கையை விடாமல் பார்ப்பதுதான் வைத்தியம். மாமாவுக்கு ஓர் அட்டை கொடுத்து, தினமும் வந்து ரத்தம் பார்க்கச் சொன்னார்கள். தட்டணு 138, 92, 61 என்று இறங்கியது. வீட்டில் எல்லாரும் அதைத்தான் பார்த்துப் பயந்தோம். மிஸ்ஸி (நர்ஸ்) பக்கத்துக் கட்டத்தைக் காட்டினார்: ஹீமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம், 42-லிருந்து 47. ரத்தக்குழாயிலிருந்து நீர் வெளியே கசிந்தால் ரத்தம் கெட்டியாகி அந்த எண் ஏறும்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. மாமா சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். அக்கா விடாமல் கிளினிக்குக்கு இழுத்துப் போனார். "காய்ச்சல் விட்ட நாள்தான் அங்கிள் எங்களுக்குப் பயமான நாள். வயித்து வலி இருக்கா? வாந்தி? ஒண்ணுக்கு எத்தன தடவ போனீங்க?" என்று மிஸ்ஸி அடுக்கிக்கொண்டே போனார். வயிறு வலிக்கிறது என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டார் மனிதர். அன்று மதியமே வார்டில் சேர்த்தார்கள்.

தண்ணீர் ஏற்றுவதிலும் கணக்கு இருக்கிறது. ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவது காய்ச்சல் விடும் நேரத்தில்தான், அதுவும் ஒன்றிரண்டு நாள்தான் நீடிக்கும். அதற்குப் பிறகு கசிந்த நீர் தானாக ரத்தத்துக்குத் திரும்பும், அந்த நேரத்தில் டிரிப்பைக் குறைக்காவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ராத்திரியிலும் ரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்து மாற்றினார்கள். தட்டணு ஏற்றச் சொல்லி உறவுக்காரர் ஒருவர் சத்தம் போட்டார். ரத்தக்கசிவு இல்லாதவருக்கு அது தேவையில்லை என்று பொறுமையாக விளக்கினார்கள். அக்கா கொண்டுபோன பப்பாளி இலைச் சாற்றுக்கு மிஸ்ஸி திட்டவில்லை. அதை நம்பி ரத்தச் சோதனைக்கு வராமல் இருந்துவிடாதீர்கள், பார்லித் தண்ணீரும் ஹண்ட்ரட் பிளஸ் பானமும் நிறையக் கொடுங்கள் என்றார்.

காசநோய் பற்றியும் ஒரு வார்த்தை. எதிர்வீட்டு அண்ணன் அதற்கு மாத்திரை சாப்பிடுகிறார். முன்பு சளியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் ஆகும். ஜீன்எக்ஸ்பெர்ட் கருவி இரண்டு மணி நேரத்துக்குள் கிருமியையும், ரிஃபாம்பிசின் என்ற முக்கிய காசநோய் மருந்துக்கு அது அடங்குமா என்பதையும் சொல்லிவிடுகிறது. 2010-இல் உலகச் சுகாதார நிறுவனம் அதை அங்கீகரித்தது. கருவி வேகமாக வந்தாலும் மாத்திரை ஆறு மாதம்தான். அண்ணன் மிஸ்ஸி கண் முன்னால் விழுங்கிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார்.

டிங்கி என்றால் 24 மணி நேரத்துக்குள் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் சொல்கிறது. கொசுவுக்குப் புகை அடிக்க வந்தவர்கள் வீட்டுக்குள்ளும் நுழைந்து பார்த்தார்கள். சாமி மேடைக்குப் பின்னால் பூச்சட்டித் தட்டில் கொசுப் புழு நெளிந்தது.

எனக்கு உறுத்துவது தோட்டத்தில் இருப்பவர்கள். மாமாவின் கீழ் வேலை செய்யும் வங்காளதேசத்துப் பையன்களுக்கு வெளிநாட்டவர் கட்டணம், நமக்குள்ள ஒரு வெள்ளி கிடையாது. காய்ச்சல் என்றால் லயத்திலேயே பனடோல் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். எலியும் குரங்கும் கொசுவும் அவர்களைச் சுற்றித்தான். இரண்டு நாளைக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் ஆபீஸ் செலவிலேயே ரத்தம் பார்க்க அனுப்ப வேண்டும் என்று வேலைக்குத் திரும்பியதும் மாமா கிராணியிடம் (தோட்ட ஆபீஸ் கிளார்க்கிடம்) கேட்டிருக்கிறார். இன்னும் பதில் இல்லை. அடுத்த வாரம் மானேஜரையே பார்க்கப் போவதாக நேற்று போனில் சொன்னார்.