கல்மாவு அரைக்கப் பல்வரைசரா, ரேமண்டா, பால்மில்லா?

போன மாதம் சித்தப்பா மகன் போன் செய்தான். கரூர் பக்கம் தெரிந்தவர் ஒருவர் குவார்ட்ஸ் எடுக்கிறாராம், நம் ஊரில் வெங்கச்சங்கல் என்போமே அதுதான், அதை லோடு லோடாகக் கல்லாகவே அனுப்புவதைவிட மாவாக்கி விற்றால் நல்ல விலை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பழைய 50 எச்பி பல்வரைசர் ஒன்று மலிவாக வருகிறது, "அட்வான்ஸ் கொடுத்துரட்டுமா அண்ணா?" என்றான். கொடுக்காதே என்றேன். ஏன் என்று போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. கல் அரைக்கும் மில்களில் பதினாறு வருடமாக மெயின்டனன்ஸ் பார்க்கிறேன், இதே கேள்வியை வேறு ஆட்களும் கேட்டிருக்கிறார்கள், அதனால் முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. ஜா கிரஷர், கோன் கிரஷர் எல்லாம் இந்தப் பேச்சில் இல்லை, அவை கல்லை ஜல்லியாக்கும் மெஷின்கள். அவற்றிலிருந்து வரும் முக்கால் இஞ்ச், அரை இஞ்ச் ஜல்லியை 100 மெஷ், 200 மெஷ், 325 மெஷ் என்று மாவாக்குவது தனி வேலை. 200 மெஷ் சல்லடையின் கண் 75 மைக்ரான், 325 மெஷ் என்றால் 45 மைக்ரான்தான். சின்ன யூனிட் போடுகிறவர்கள் இந்த வேலைக்குப் பார்ப்பது மூன்றே மெஷின்கள்: பல்வரைசர், ரேமண்ட் மில், பால்மில்.

இவற்றில் இரண்டு நம் வீட்டில் இருந்ததுதான். பல்வரைசர் செய்வது உலக்கையின் வேலை, அடித்து நொறுக்குவது. ரேமண்ட் அம்மியும் குழவியும், அதாவது அழுத்தி உருட்டுவது. பால்மில்லுக்குத்தான் வீட்டில் ஜோடி கிடையாது. ஒரு இரும்பு உருளைக்குள் கல்லையும் குண்டுகளையும் போட்டு மணிக்கணக்கில் சுழற்றினால், குண்டு மேலே ஏறி விழுந்து அடிப்பதும் ஒன்றோடொன்று உரசித் தேய்ப்பதும் சேர்ந்து நடக்கும்.

மெஷின் வாங்குகிறவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "கடினமான கல்லுக்கு எத்தனை எச்பி வேணும்?" அங்கேதான் கணக்கு தப்புகிறது. பிரெட் பாண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1952-ல் ஒரு சூத்திரம் கொடுத்தார், இன்றைக்கும் மில் டிசைன் செய்கிறவர்கள் அதில்தான் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் அதை அரைக்க ஆகும் சக்தியைக் குறிக்கும் ஒரு எண் அதில் உண்டு. சுண்ணாம்புக்கல்லுக்குச் சுமார் 12, குவார்ட்ஸுக்குச் சுமார் 13. அதை வைத்து 12 மில்லிமீட்டர் ஜல்லியை 75 மைக்ரானுக்கு அரைக்கக் கணக்குப் போட்டால் சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 13 யூனிட் மின்சாரம், குவார்ட்ஸுக்கு 14 யூனிட் வரும். அவ்வளவுதான் வித்தியாசம்! நிஜ மில்லில், அதுவும் உலர்வாக அரைக்கும்போது, இதைவிடக் கூடுதலாகத்தான் ஆகும், ஆனால் இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி கிடையாது. கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் கால்சைட் (சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமம்) 3, குவார்ட்ஸ் 7 என்று பள்ளியில் படித்தோமே, அந்த எண் கல்லை உடைக்கும் செலவைச் சொல்வதே இல்லை. கல் மெஷினை எவ்வளவு தின்னும் என்பதைத்தான் அது சொல்கிறது. ஆணியால் கீறினால் கால்சைட்டில் கோடு விழும், குவார்ட்ஸில் ஆணிதான் தேயும். மில்லுக்குள் நாள் முழுக்க நடப்பதும் இதுவேதான்.

எனவே மோட்டாரைப் பார்த்து வாங்காதீர்கள், உள்ளே எது தேயப்போகிறது, தேய்ந்தது எங்கே போகிறது என்று பார்த்து வாங்குங்கள்.

பல்வரைசரை எடுத்துக்கொள்வோம். மிளகாய், மஞ்சள் அரைக்கிற கடையில் இருப்பதன் பெரிய அண்ணன் இது. ரோட்டரில் சுத்தியல்கள் தொங்கும், சுழலும்போது விரைத்துக்கொண்டு கல்லை அடிக்கும், கீழே சல்லடை, அதில் இறங்குகிற அளவு வரும்வரை அடி விழுந்துகொண்டே இருக்கும். விலை குறைவு, இடம் குறைவு, இரண்டு பேர் போதும், சல்லடை மாற்றினால் மாவின் அளவு மாறும். ஜிப்சம், களிமண் கட்டி, டால்க் மாதிரி மெத்தென்ற சரக்குக்கு இதைவிடச் சிக்கனமான மெஷின் எனக்குத் தெரியாது. 60 மெஷ், 80 மெஷ் வரைக்கும் நன்றாகவே தள்ளும். அதற்குக் கீழே போகச் சொன்னால் சல்லடை அடைக்கும், சூடு ஏறும், உற்பத்தி பாதியாகும்.

இதில் குவார்ட்ஸ் போட்டால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கால்சைட்டில் மாதக்கணக்கில் ஓடிய சுத்தியல்கள் நாலைந்து நாளில் முனை மழுங்கி, கரும்பைக் கடித்துத் துப்பிய மாதிரி ஒரு பக்கமாகக் குழிந்து கிடந்தன. மாங்கனீசு எஃகு சுத்தியல்தானே, தாங்கும் என்பார்கள். 1882-ல் ஹாட்ஃபீல்டு கண்டுபிடித்த அந்த எஃகு பலமான அடி வாங்கினால்தான் மேல்தோல் இறுகும். பெரிய கல்லை உடைக்கும் ஜா கிரஷரில் அதற்கு ஈடே கிடையாது, ஆனால் பொடி ஓயாமல் உரசுகிற இடத்தில் இறுகுவதற்கு முன்பே தேய்ந்துவிடும். அந்த மில்லில் ஓனர் சிக்கனம் பார்த்து ரொம்பத் தேய்ந்த இரண்டு சுத்தியலை மட்டும் மாற்றச் சொன்னார், நானும் புதுசு, சரி என்று மாற்றிவிட்டேன். எதிரெதிர் சுத்தியல்களை எடை பார்த்து ஜோடி சேர்த்துப் போட வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஸ்டார்ட் செய்ததும் பவுண்டேஷன் வரை அதிர்ந்தது, மறுநாள் மதியத்துக்குள் ஒரு பேரிங் நீலம் பாரித்துப் போனது.

சுத்தியலுக்கும் பேரிங்குக்கும் போன பணம்கூடப் பரவாயில்லை. தேய்ந்த இரும்பு எங்கே போகும்? மாவுக்குள்தான். டன்னுக்கு ஒரு கிலோ இரும்பு கலந்தால் 0.1 சதவீதம், லேபில் ஆக்சைடாகக் கணக்கிட்டால் 0.14 சதவீதம். கோலமாவுக்கும் தரை பாலிஷ் போடுகிறவருக்கும் அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இரும்பு ஆக்சைடு 0.1 சதவீதம் இருந்தாலே கண்ணாடி பச்சை அடிக்கும், வெள்ளைப் பீங்கானில் பழுப்புப் புள்ளி விழும். விருத்தாசலம் பீங்கான்காரர்களிடம் இந்த மாவைக் கொண்டுபோனால் லேபில் இரும்பைச் சோதித்துக் காட்டி லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நல்ல விலை கொடுக்கிற கிராக்கிகள் அவர்கள்தான்.

ரேமண்ட் மில் எனக்குப் பிடித்த மெஷின், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ரேமண்ட் என்பது ஒரு அமெரிக்கக் கம்பெனியின் பெயர், இப்போது யார் செய்தாலும் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். நடுவில் நிற்கும் ஷாஃப்ட்டிலிருந்து மூன்று, நான்கு, ஐந்து என்று ரோலர்கள் ராட்டினத் தொட்டில் மாதிரி தொங்கும். சுழலும்போது அவை வெளிப்பக்கம் விரிந்து சுற்றியிருக்கும் ரிங்கில் அழுந்தி உருளும், முன்னால் போகும் கலப்பை மாதிரியான தகடு கீழே விழுந்த ஜல்லியை வாரி ரோலருக்கும் ரிங்குக்கும் நடுவே எறியும். கீழிருந்து வரும் காற்று மாவைத் தூக்கிக்கொண்டு மேலே போகும், அங்கே கிளாசிஃபையர் நின்று நைசை மட்டும் வெளியே விட்டுக் குருணையைத் திருப்பி அனுப்பும். சல்லடையே கிடையாது! கிளாசிஃபையரின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் 200 மெஷ் 300 ஆகும். அரைபட்டது உடனே வெளியே போய்விடுவதால் அரைத்த மாவையே திரும்ப அரைக்கிற வீண்செலவு இல்லை, பால்மில்லைவிடக் கரண்ட் மிச்சம். காற்று உள்ளுக்குள்ளேயே சுற்றி வருவதாலும் உறிஞ்சும் அழுத்தத்தில் ஓடுவதாலும் ஜாயின்ட் எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஷெட்டுக்குள் தூசியும் குறைவு.

சுண்ணாம்புக்கல், கால்சைட், டோலமைட், பேரைட், சேலத்து மேக்னசைட் என்று மோஸ் 5-க்குக் கீழே இருக்கும் எதற்கும் கண்ணை மூடிக்கொண்டு ரேமண்ட் போடலாம் என்பேன். அதற்கு ஆகாதவை இரண்டு. ஒன்று ஈரம். ஐப்பசி மழையில் நனைந்த ஜல்லியைப் போட்டால் மாவு குழாய்ச் சுவரில் அப்பிக்கொள்ளும், காற்றிலிருந்து மாவைப் பிரிக்கும் சைக்ளோனின் அடியில் அடைத்துக்கொள்ளும், சுத்தியலால் தட்டித் தட்டியே ஷிப்ட் முடிந்துவிடும். இன்னொன்று இரும்புத் துண்டு. ஒருமுறை ஜேசிபி பக்கெட்டின் பல் ஒன்று ஜல்லியோடு வந்து உள்ளே போய்விட்டது. கலப்பைத் தகடு மடங்கி, ஒரு ரோலரின் ஷாஃப்ட் வளைந்து, மூன்று நாள் மில் நின்றது. பெல்ட்டுக்கு மேலே ஒரு காந்தம் மாட்டாமல் ரேமண்டை ஓட்டக் கூடாது, இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

ரேமண்டில் குவார்ட்ஸ் அரைக்கலாமா? அரையும். ரிங்கும் ரோலரும் எத்தனை நாள் வரும் என்பதுதான் கேள்வி, மாவில் இரும்பு கலக்கும் கதையும் அதேதான்.

சிமென்ட் ஆலைகளில் பார்க்கும் வெர்ட்டிகல் ரோலர் மில்லைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். அரியலூர்ப் பக்கம் போனால் பார்க்கலாம், சுழலும் மேஜைமேல் ஹைட்ராலிக் அழுத்தத்தில் ரோலர்கள், சூடான காற்றை விட்டு அரைக்கும்போதே உலர்த்தியும்விடும். பால்மில்லோடு ஒப்பிட்டால் கரண்ட் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஆனால் அது பெரிய ஆலைகளின் முதலீடு, மணிக்கு இரண்டு டன் அரைக்கப்போகிற நமக்கு அதில் வேலை இல்லை.

இனி பால்மில். மூன்றில் கரண்டை அதிகம் குடிப்பது இதுதான். கொடுக்கிற மின்சாரத்தில் சில சதவீதம்தான் நிஜமாகக் கல்லை உடைக்கப் போகிறது, மிச்சமெல்லாம் சூடும் சத்தமும். அப்படியிருந்தும் சித்தப்பா மகனுக்கு நான் சொன்னது இதைத்தான், காரணம் உட்சுவரில் பதிக்கும் லைனிங். பல்வரைசரில் சுத்தியலையும் ரேமண்டில் ரோலரையும் கல்லால் செய்ய முடியாது. பால்மில்லில் உட்சுவருக்குக் கல் செங்கலோ அலுமினா என்ற வெள்ளைப் பீங்கான் செங்கலோ பதிக்கலாம், இரும்புக் குண்டுக்குப் பதில் கூழாங்கல்லோ அலுமினா குண்டோ போடலாம். அலுமினா மோஸ் 9, குவார்ட்ஸைவிடக் கடினம். கொஞ்சம் தேய்ந்து கலந்தாலும் வெள்ளையாகத்தான் கலக்கும், பீங்கானுக்கு அது கேடில்லை.

இதற்கு விலை உண்டு. உட்புறம் 1.8 மீட்டர் விட்டமும் 2.4 மீட்டர் நீளமும் உள்ள மில்லில் 30 சதவீதம் இடத்துக்குக் குண்டு நிரப்பினால் இரும்பு எட்டு டன்னுக்கு மேல் பிடிக்கும், அலுமினா நாலு டன்தான். குண்டின் எடை பாதியானால் அடியின் பலமும் பாதி, எனவே அதே உற்பத்திக்குப் பெரிய மில் வேண்டும், இல்லையென்றால் நேரம் கூடும். விற்கிறவர் சொல்லும் "மணிக்கு இத்தனை டன்" இரும்புக் குண்டுக்கா அலுமினாவுக்கா என்று கட்டாயம் கேளுங்கள், நான் பார்த்தவரையில் அவர்களாகச் சொல்வதில்லை.

வேகமும் முக்கியம். அந்த 1.8 மீட்டர் மில் நிமிடத்துக்கு 31 சுற்றைத் தாண்டிவிட்டால் குண்டெல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டு சுற்றும், ஒன்றுமே அரைபடாது. 22 முதல் 24 சுற்றுதான் சரி. சீக்கிரம் அரைக்கட்டும் என்று புல்லியை மாற்றி வேகத்தைக் கூட்டியவர்கள் உண்டு, மாவு குறைந்ததே தவிர கூடவில்லை. பால்மில்லைக் காதால்தான் ஓட்ட வேண்டும். உள்ளே கல் குறைந்தால் குண்டோடு குண்டு மோதிக் கணகணவென்று கேட்கும், அதிகமானால் மெத்தைக்குள் அடித்த மாதிரி சத்தம் அமுங்கிவிடும், இரண்டுக்கும் நடுவே ஒரே சீராக மழை கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வரும், அதை வைத்து ஃபீடைக் கூட்டிக் குறைக்கிற பழைய ஆபரேட்டர்கள் மீட்டர் பக்கம் திரும்பியே பார்க்க மாட்டார்கள்.

கடைசியாக, ஆனால் மில்லில் முதலில் பார்க்க வேண்டிய விஷயம், தூசி. சுண்ணாம்புத் தூசி வேறு, குவார்ட்ஸ் தூசி வேறு. குவார்ட்ஸின் கண்ணுக்குத் தெரியாத துகள் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும், அதனால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்துவிட்டால் குணப்படுத்த மருந்து இல்லை. 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே, அதாவது அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலிலேயே, இந்த நோய் இருந்தது. குஜராத்தின் கோத்ரா பக்கத்துக் குவார்ட்ஸ் மில்களில் வேலை பார்த்துச் செத்துப்போன மத்தியப் பிரதேச ஆதிவாசித் தொழிலாளர்கள் 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் கொடுக்கச் சொல்லித் தேசிய மனித உரிமை ஆணையம் 2010-ல் பரிந்துரைத்தது, கடைசியில் 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் போதும் என்று நினைக்கிற ஓனர்கள் இன்னமும் இருக்கிறார்கள். துண்டின் இழை நடுவே அந்தத் துகள் சர்வசாதாரணமாகப் போகும். பல்வரைசரின் ரோட்டர் ஒரு ஃபேன் மாதிரியே காற்றை வெளியே தள்ளும், அதோடு தூசியும் வரும். தூசியைப் பிடிக்கும் நல்ல பேக் ஃபில்டர் மாட்டினால் குறையும், ஆனால் பழைய பல்வரைசரை மலிவாக வாங்குகிறவர் அதன் விலைக்குச் சமமாக ஒரு ஃபில்டரும் வாங்கி நான் பார்த்ததில்லை. பால்மில் மூடிய பாத்திரம், அதிலும் தண்ணீர் விட்டு அரைத்தால் அரைக்கும்போது தூசியே கிடையாது. பீங்கான்காரர்கள் பலர் கூழாகத்தான் அரைக்கிறார்கள், பக்கத்து ஊருக்கு என்றால் கூழாகவே டேங்கரில் அனுப்பலாம். உலர்த்தி மூட்டை கட்டுவதென்றால் உலர்த்தும் செலவும் உண்டு, மூட்டை கட்டும் இடத்தில் தூசியும் உண்டு. அங்கே உறிஞ்சும் குழாயும் சரியான மாஸ்க்கும் இல்லாமல் ஆளை நிறுத்தவே கூடாது.

அவனிடம் இப்படிச் சொல்லி முடித்தேன்: பல்வரைசரை விட்டுவிடு. முதலில் பீங்கான் கம்பெனியில் எத்தனை மெஷ், இரும்பு எவ்வளவு வரை ஏற்பார்கள், கூழாக வாங்குவார்களா என்று எழுதி வாங்கு. அப்புறம் அலுமினா லைனிங் போட்ட, தண்ணீர் விட்டு அரைக்கிற பேட்ச் பால்மில் (ஒரு தடவைக்கு இவ்வளவு என்று போட்டு அரைப்பது) ஒன்று பார், பழசாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் மேன்ஹோலைத் திறந்து டார்ச் அடித்து செங்கல் பெயர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. அந்தக் குவாரிக்காரரிடம் கால்சைட்டும் இருக்கிறதா என்று கேள், இருந்தால் ரேமண்ட் பற்றித் தனியாகப் பேசுவோம். ஞாயிற்றுக்கிழமை கரூருக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், அவன் நாமக்கல்லில் ஒரு பழைய மில் பார்த்து வைத்திருக்கிறானாம், டார்ச்சோடு போய்ப் பார்க்க வேண்டும்.