செம்மீனா, அக்னி சாட்சியா?

செங்கோட்டையில் நாங்கள் பெண்கள் சிலர் மாதம் ஒரு நாவல் வாசித்துப் பேசுகிறோம். அடுத்தது மலைக்கு அந்தப் பக்கத்துக் கேரளக் கதை என்று முடிவானது. 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர்தானே இது. போட்டிக்கு வந்த மலையாள நாவல்கள் இரண்டு: தகழியின் ‘செம்மீன்’ (1956), லலிதாம்பிகா அந்தர்ஜனத்தின் ‘அக்னி சாட்சி’ (1976). முன்னதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் சுந்தர ராமசாமி, பின்னதை சிற்பி. மொழிபெயர்ப்பைச் சொல்லி ஒன்றைத் தள்ள வழியில்லை.

அழகு என்று பார்த்தால் செம்மீன்தான். கடற்கரையின் பேச்சு, சாகரை (கடல் அடங்கி மீன் குவியும் காலம்) வந்ததும் கரையே மாறிப்போவது எல்லாம் நம்மைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். ஆனால் அந்த மனிதர்களோடு எனக்கு ஒட்டவில்லை. மீனவன் செம்பன்குஞ்சு, தன் மகள் கருத்தம்மாவை விரும்பும் வியாபாரி பரீக்குட்டியிடம் கடன் வாங்கிப் படகும் வலையும் சேர்க்கிறான். மீன் வந்ததும் அவனையே ஒதுக்குகிறான். பரீக்குட்டியோ எல்லாவற்றையும் இழந்துவிட்டுக் கரையில் பாடிக்கொண்டிருக்கிறான். கருத்தம்மாவுக்காக அவன் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன என்று பக்கத்துக்குப் பக்கம் தோன்றியது.

சரி, பிடிக்காத ஆட்களை வைத்தும் பெரிய நாவல் எழுதலாம். என் ஏமாற்றம் வேறு. கடலுக்குப் போனவனின் உயிர் கரையில் இருக்கும் மனைவியின் கற்பில் இருக்கிறது என்று செம்பன்குஞ்சின் மனைவி சக்கி மகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். ஆதி மீனவன் சுழலில் சிக்கியபோது அவன் மனைவி கரையில் தவம் நின்று காப்பாற்றிய கதையையும் சொல்கிறாள். அந்தக் கரை அதை நம்பட்டும், சக்கியும் நம்பட்டும். ஆனால் முடிவில் கருத்தம்மா பரீக்குட்டியோடு சேரும் அதே இரவில் சுறாவோடு போராடும் அவள் கணவன் பழனி கடலில் போகிறான். ஊர் சொன்னதற்குக் கடலையே சாட்சிக்குக் கூப்பிட்டதுபோல் இருக்கிறது. அங்கே நாவலும் ஊரோடு சேர்ந்துகொள்கிறது. கூடை சுமந்து கிழக்கே போய் மீன் விற்று அந்தப் படகுக்குக் காசு சேர்த்தவள் சக்கி. அவள் உழைப்பைக் காட்டிய கை, கருத்தம்மாவுக்குக் கடைசியில் சாவைத்தான் கொடுக்கிறது.

இதைச் சொன்னபோது எங்கள் மதினிக்குக் கோபம் வந்துவிட்டது. “அந்தக் காலத்துல ஊரு எப்படி இருந்துச்சோ அதைத்தானே எழுதியிருக்காரு?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பழி பேசி, பழனியைக் கூட்டத்தோடு படகில் ஏற்றாமல் தனியே கடலுக்குப் போக வைத்தது ஊர்; அது உள்ளபடி எழுதியது. ஆனால் சுறாவும் அந்த இரவும் ஒன்றாக வந்தது எழுதியவர் முடிவு.

அக்னி சாட்சியில் இந்த வசீகரம் கிடையாது. பேச்சு கூடுதல், நாயகி தேதிக்குட்டி நமக்குக் கொஞ்சம் எட்டவே நிற்கிறாள். கணவன் உண்ணி நம்பூதிரி கெட்டவன் இல்லை. அன்பு இருந்தும் ஆசாரத்தை மீற முடியாதவன். உண்ணியின் உறவுக்காரி தங்கம், நம்பூதிரிக்கும் நாயர் பெண்ணுக்கும் பிறந்தவள்; பெற்ற தகப்பனையே இஷ்டம்போல் தொட முடியாது. அந்த ஒரு விஷயமே இல்லத்தின், அதாவது நம்பூதிரி வீட்டின், முறைகளை நமக்குக் காட்டிவிடுகிறது. அதற்காக யாரையும் வில்லனாக்க வேண்டியிருக்கவில்லை. தேதிக்குட்டி அங்கிருந்து வெளியேறி, சுதந்திரப் போராட்டத்தில் இறங்கி, கடைசியில் துறவியாகிறாள். போனதற்காக அவளை நாவல் அடிக்கவில்லை. அந்தர்ஜனமாக, அதாவது வீட்டுக்குள்ளேயே இருக்கவேண்டிய நம்பூதிரிப் பெண்ணாக, வாழ்ந்தவரே எழுதியது என்பதால் வந்த தெளிவு அது என்று நினைக்கிறேன். அப்புறம் எனக்கும் ஒரு குறை உண்டு: வெளியே வந்தவள் ஆசையெல்லாம் விட்டால்தான் மரியாதையா? காவி இல்லாமல் அவள் வாழக் கூடாதா?

இருந்தாலும் எங்கள் கூட்டத்துக்கு என் ஓட்டு அக்னி சாட்சிக்குத்தான். வீட்டில் மகள்களோடு சேர்ந்து வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். கருத்தம்மாவின் முடிவை அவர்களிடம் விளக்கமில்லாமல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. செம்மீனை அதற்கடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம். அந்தக் கடைசி அத்தியாயத்தை மட்டும் சத்தமாக வாசித்துவிட்டு, மதினி அவர்கள் கட்சியைப் பேசட்டும், நான் என் கட்சியைப் பேசுகிறேன்.