பூசாரி கொடுத்தது வேலா, வேலையா? குரலும் திரை எழுத்தும்

காட்சி ஊடகப் பாடத்துக்கு 12 நிமிடப் படம் ஒன்று செய்து கொடுக்கச் சொன்னார்கள். நான் எடுத்தது தைப்பூசக் காவடி. மொரீஷியஸின் கத்ர் போர்ன் ஊரில், கோர் தெ கார்த் மலைச் சரிவில் இருக்கிற கோயிலுக்கு ஏறிப் போகிற கூட்டம். படத்தில் பேசுகிறவர்கள் எல்லோரும், பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழியான கிரியோலில்தான் பேசுகிறார்கள். மொரீஷியஸில் பெரும்பாலான தமிழ் வீடுகளில் பேச்சு அதுதான். ஆனால் பார்ப்பவர்களுக்குத் தமிழில் போய்ச் சேர வேண்டும் என்பது நிபந்தனை.

பேச்சின் மேல் தமிழ்க் குரல் ஏற்றலாம், இல்லையென்றால் அடியில் தமிழ் எழுத்து ஓடவிடலாம். எழுத்தைப் படத்தோடு சேர்த்தே பதித்துவிடலாம், தனிக் கோப்பாகவும் வைக்கலாம். மூன்றையும் செய்து பார்த்தேன். இப்போது என் கட்சி தனிக் கோப்புதான்.

குரலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் அது போய்ச் சேரும் என்பது பெரிய விஷயம். ஆனால் பத்து நாள் விரதம் இருந்து, அலகு குத்திக்கொண்டு மலையேறிய ஒரு பாட்டி தழுதழுத்துப் பேசும்போது, அதன் மேல் என் தங்கையின் குரல் பாடம் ஒப்பிப்பதுபோல் வந்து உட்கார்ந்தது. எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை. அதோடு விட்டுவிட்டேன்.

அடுத்தது பதித்த எழுத்து. முதல் தலைவலி, வெட்டி ஒட்டும் மென்பொருளில் கொம்பு இடம் மாறி நின்றது. ‘கொடி’ என்று அடித்தால் ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய், நடுவில் ஒரு புள்ளி வட்டமும் வந்தது. அமைப்புகளுக்குள் போய்த் தெற்காசிய எழுத்துகளுக்கான தெரிவை மாற்றியதும் சரியாகிவிட்டது. இதற்கே ஒரு சனிக்கிழமை போயிற்று.

உண்மையான தலைவலி இலக்கணத்தில் இருந்தது. பூசாரி ஒரு பையனின் கையில் வேலைத் தருகிற காட்சி. நான் எழுதியது: ‘பூசாரி வேலை கொடுத்தார்.’ பூசாரி என்ன, ஆள் எடுக்கிறாரா என்று ஆசிரியை சிரித்தார். வேல் என்பதோடு ஐ உருபு சேர்ந்தால் ‘வேலை’. இரண்டாம் வேற்றுமை விரிந்து வரும் இடத்தில் வல்லினம் மிகும் என்பதால் ‘வேலைக் கொடுத்தார்’ என்று எழுத வேண்டும். ஒரு க் விட்டுப்போனால் வேல் உத்தியோகமாகிவிடும். குரலில் இதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், எங்கள் வாயில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் ஒலிக்கும். எழுத்து அப்படி விடாது.

அந்த ஒரு க்-க்காக முழுப் படத்தையும் மறுபடி ஏற்றுமதி செய்தேன். என் பழைய மடிக்கணினியில் அதற்கு 50 நிமிடம். பிறகு ‘காவடி பாட்டு’ கண்ணில் பட்டது, ப் இல்லை. இன்னொரு 50 நிமிடம். நான்காவது முறை ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் தனிக் கோப்புக்கு மாறினேன். அதில் வரிசை எண், தொடங்கி முடியும் நேரம், கீழே வாசகம், அவ்வளவுதான். நோட்பேடில் திறந்து, க் சேர்த்து, யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் முடிந்தது. (ஆன்ஸி என்ற பழைய முறையில் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகும், அதையும் அனுபவித்தாயிற்று.) படத்தைத் தொடவே வேண்டாம்.

நம்மைப்போல் தமிழைப் பள்ளியில் பாடமாகப் படித்து எழுதுகிறவர்களுக்கு ஒற்றுப்பிழை வராமல் இருக்காது. அதனால் எந்த வழியில் பிழை குறைவு என்று பார்ப்பதைவிட, வந்த பிழையைத் திருத்த எவ்வளவு ஆகும் என்றுதான் நான் பார்ப்பேன். 1998இல் மொரீஷியஸின் புதிய ரூபாய் நோட்டுகளில் இந்திக்குக் கீழே தமிழ் போனபோது எழுந்த எதிர்ப்பு வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று வேறு அச்சடிக்க வேண்டியதாயிற்று. பதித்த எழுத்தும் அந்த வகைதான்.

தனிக் கோப்பிலும் தொல்லை உண்டு. படமும் கோப்பும் ஒரே பெயரில் இல்லாவிட்டால் பல கருவிகளில் எழுத்து தானாக வராது. தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் இரண்டு வரிக்குள் அடங்குவதும் கஷ்டம். ‘காவடிப்’ மேல் வரியிலும் ‘பாட்டு’ கீழ் வரியிலும் விழுந்து, ப் மட்டும் ஓரத்தில் தொங்கியது. இப்படி ஒட்டி வரும் சொற்களை நான் பிரிப்பதில்லை, முழுச் சொல்லையும் கீழே இறக்கிவிடுவேன். எங்களைப்போல் தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பவர்களுக்கு ஒரு வாசகம் ஐந்தாறு நொடியாவது நிற்க வேண்டும் என்பதும் என் கணக்கு. ஆனால் நான் செய்தது ஒரே ஒரு சின்னப் படம். இரண்டு மணி நேரப் படத்துக்கோ தொலைக்காட்சிக்கோ இது பொருந்துமா என்று அந்த வேலை செய்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

வாட்ஸ்அப்பில் அனுப்ப மட்டும் பதித்த எழுத்தைவிட்டால் வழியில்லை, தனிக் கோப்பு அங்கே படத்தோடு சேர்ந்து ஓடாது. அவசரத்தில் உறவினர் குழுவுக்கு நான் அனுப்பியது முதல் பதிப்பு. அது எங்கெல்லாம் போயிற்றோ தெரியாது. போன வாரம் ஒரு கல்யாண வீட்டில், முன்பு மாலை வகுப்பில் தமிழ் சொல்லிக்கொடுத்த பெரியப்பா என்னைத் தனியே கூப்பிட்டு, “அந்தப் பூசாரியிடம் உன் தம்பிக்கும் ஒரு வேலை கேட்டுப் பாரேன்” என்றார்.