மூக்கைத் தொடும் முன் முழியைப் பற்றிக் கேளுங்கள்: ஃபில்லரோடு மூன்றரை வருஷம்

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர் கிளிமூக்கு. மூக்கின் நடுவில் ஒரு மேடு. நேரே பார்த்தால் அவ்வளவாகத் தெரியாது, பக்கவாட்டில் திரும்பினால் போதும். அப்பா வழியில் எல்லாருக்கும் இது உண்டு. வீட்டில் யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. எனக்கு முப்பத்து மூன்று வயதில் தங்கையின் கல்யாண ஆல்பம் வந்தது. அன்று ராத்திரி முழுக்க நான் பக்கவாட்டில் நிற்கிற படங்களையே புரட்டிக்கொண்டிருந்தேன். அங்கே ஆரம்பித்தது.

2022 மார்ச்சில் ஆபரேஷன் இல்லாமல், ஊசி மூலமாக மூக்கைத் திருத்திக்கொண்டேன். 2023இல் இன்னொரு தடவை போட்டேன். போட்டதில் பெரும்பகுதியை 2024இல் கரைத்தேன். போட்ட அன்றே எடுத்த முன்–பின் படங்கள் எங்கு பார்த்தாலும் கொட்டிக் கிடக்கின்றன. அதே மூக்கு மூன்றாம் வருஷம் எப்படி இருந்தது என்று சொல்ல ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

ஃபில்லர் என்பது ஹையலூரானிக் அமிலத்தில் செய்த ஒரு ஜெல். நம் தோலிலேயே இருக்கிற பொருள்தான். சீக்கிரம் கரைந்து போகாமல் இருக்க அதைப் பின்னிக் கெட்டியாக்கி சிரிஞ்சில் அடைத்துத் தருகிறார்கள். இது எதையும் செதுக்காது, நிரப்ப மட்டும் செய்யும். தெருவில் ஸ்பீடு பிரேக்கருக்கு முன்னும் பின்னும் தார் போட்டுச் சமன் செய்துவிட்டால் மேடு தெரியாது இல்லையா, அதே வேலைதான். புருவ மத்திக்குக் கீழே இருக்கும் பள்ளத்திலும், மேட்டுக்கும் நுனிக்கும் நடுவிலும் கொஞ்சம் நிரப்பினால் கோடு நேராகிவிடும். அளவெடுத்துப் பார்த்தால் மூக்கு பெரிதாகித்தான் இருக்கும். அகலமான மூக்குத் துவாரம், பருத்த நுனி, உள்சுவர் வளைந்து மூச்சு அடைக்கிற தொல்லை இதற்கெல்லாம் ஊசி உதவாது. இதைச் சொல்லித் திருப்பி அனுப்புகிற டாக்டர் கிடைத்தால் அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் போன இடம் அப்படியில்லை. டாக்டருக்கு முன்னால் ஒரு ஆலோசகர் பெண் உட்கார்ந்திருந்தார். மொபைலில் என்னைப் படம் எடுத்து, ஏதோ ஒரு செயலியில் மூக்கை நேராக்கிக் காட்டினார். "இன்னைக்கே போட்டுக்கிட்டா ஆஃபர் இருக்கு மேடம், பதினஞ்சு நிமிஷ வேலை, லஞ்ச் டைம்ல வந்து போட்டுட்டுப் போறாங்க." என்ன பிராண்டு என்று கேட்டேன். "இம்போர்ட்டட் மேடம்." ஊசி போடப்போவது யார் என்று கேட்டேன். "டாக்டர்தான், இப்ப வெளியே இருக்காங்க." எழுந்து வந்துவிட்டேன். பயந்து வரவில்லை, எரிச்சலில் வந்தேன். ஏன் பயந்திருக்க வேண்டும் என்பது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது.

இரண்டாவது டாக்டர் சென்னையில். பிளாஸ்டிக் சர்ஜன். என் செல்ஃபிகளைக் காட்டினேன், அவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்தடி தள்ளி நிற்க வைத்து, கேமராவில் ஐந்து கோணத்தில் எடுத்தார். ஒரு அடி தூரத்தில் எடுக்கிற செல்ஃபியில் மூக்கின் அடிப்பகுதி சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்காவில் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஐந்தடித் தூரத்துப் படத்தில் என் மூக்கு எனக்கே பாதி சமாதானமாக இருந்தது. அங்கேயே திரும்பி வந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

பிறகு ஒரு பிரிஸ்கிரிப்ஷன் தாளைத் திருப்பிப் போட்டு, பேனாவால் ஒரு முகம் வரைந்தார். மூக்கின் இரண்டு பக்கமும் ஏறுகிற ரத்தக்குழாய், மேலே கண்ணுக்குள்ளிருந்து இறங்கி வருகிற ஒரு கிளை, இரண்டும் மூக்குப் பாலத்தில் கைகோக்கிற இடம். "மூக்கும் முழியுமா இருக்கான்னு சொல்வோம்ல? ரத்த ஓட்டத்துலயும் அது ரெண்டும் சொந்தக்காரங்கதான்மா" என்றார்.

விஷயம் இதுதான். ஊசி முனை தவறி அந்தச் சின்ன ரத்தக்குழாய்க்குள் போய், டாக்டர் அழுத்தியும் விட்டால், ஜெல் ஓட்டத்துக்கு எதிராகப் பின்னால் தள்ளப்படும். கண்ணுக்குப் போகிற பெரிய குழாய் வரை போய், அழுத்தம் விட்டதும் அங்கிருந்து விழித்திரைக்குள் அடித்துக்கொண்டு போகும். பார்வை அந்த நிமிஷமே போகலாம். ரத்தம் இல்லாமல் விழித்திரை தாங்குவது ஒன்று, ஒன்றரை மணி நேரம்தான். போன பார்வை திரும்புவது அபூர்வம். அன்று ராத்திரி தேடிப் படித்தேன். 2015இல் வந்த ஒரு மருத்துவத் தொகுப்பில், முகத்தில் ஊசி வழியாக எதையாவது நிரப்பப் போய்ப் பார்வை பாதித்த 98 பேரைத் திரட்டியிருந்தார்கள். புருவ மத்திக்கு அடுத்த இடம் மூக்குக்கு. 2019இல் அதே குழு புதிதாக 48 பேரைச் சேர்த்தபோது மூக்குதான் முதல், பாதிக்கு மேல். ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் தொகையோடு பார்த்தால் இது மிகச் சின்ன எண்ணிக்கைதான். ஆனால் அந்த ஆஃபர் பெண் வாயில் 'கண்' என்ற சொல்லே வரவில்லை.

கண்ணுக்குப் போகாவிட்டாலும் தோலுக்குப் போகும். குழாய் அடைத்தால் அந்த இடம் வெளுத்து, பிறகு வலை வலையாகக் கருநீலம் ஓடி, கொப்புளம் கட்டி, கடைசியில் தோல் அழுகவும் கூடும். மாற்று மருந்து ஒன்று இருக்கிறது. ஹையலூரானிடேஸ் என்ற என்சைம், இந்த ஜெல்லைக் கரைத்துவிடும். உடனே நிறையக் கொடுத்தால் பெரும்பாலும் தோலைக் காப்பாற்றிவிடலாம். ஆகவே நான் கேட்ட கேள்விகளிலேயே உருப்படியானது, "அந்த மருந்து இப்ப இங்க இருக்கா?" என்பதுதான். டாக்டர் பதில் சொல்லவில்லை. அலமாரியைத் திறந்து 1500 யூனிட் குப்பிகளை எடுத்து மேஜையில் வைத்தார், காலாவதி தேதி எனக்குத் தெரிகிற மாதிரி.

இதே காரணத்துக்காகத்தான் ஹையலூரானிக் அமிலம் தவிர வேறு எதையும் மூக்குக்குள் விடாதீர்கள் என்று சொல்வேன். கால்சியம் கலந்த ஃபில்லரை இந்த என்சைம் கரைக்காது. திரவ சிலிகான் கூடவே கூடாது. "பெர்மனன்ட்" என்று யாராவது ஆசை காட்டினால், பின்னாளில் இங்கிலாந்தில் மார்ல்பரோ சீமாட்டியான கிளாடிஸ் டீக்கனை நினைத்துக்கொள்ளுங்கள். 1900களின் தொடக்கத்தில், இருபதுகளில் இருந்த பேரழகி. நெற்றியும் மூக்கும் கிரேக்கச் சிலை மாதிரி ஒரே கோடாக வர வேண்டுமென்று மூக்கில் பாரஃபின் மெழுகை ஏற்றிக்கொண்டார். மெழுகு நாளடைவில் தாடைக்கு இறங்கி முகத்தையே குலைத்துவிட்டது.

ஊசிக்கு ஒரு வாரம் முன்பே மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, ப்ரூஃபென் எல்லாம் நிறுத்தச் சொன்னார், ரத்தம் கட்டாமல் இருக்க. இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் அவர்களுடைய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. முன்னும் பின்னும் இரண்டு வாரம் பல் வைத்தியம் வேண்டாம். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கிறவர்களுக்கும் போடுவதில்லை. ஏற்கெனவே மூக்கில் ஆபரேஷன் நடந்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தழும்பில் ரத்தக்குழாய்கள் இடம் மாறியிருக்கும், ஆபத்து கூடுதல்.

ஊசி போட்ட அன்றைக்கு மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை. அம்மாவுக்கு அதுதான் பெரிய வருத்தம், ஊசி இல்லை. மரப்பு கிரீம் தடவி அரை மணி நேரம், பிறகு கிருமிநாசினியால் முகம் முழுக்கத் துடைத்தார்கள். கேனுலா என்கிற, நுனி மழுங்கிய மெல்லிய குழாய் உள்ளே நகர்ந்தபோது வலியைவிடச் சத்தம்தான் கூசியது. நறநறவென்று, மண்டைக்குள்ளேயே கேட்கிற சத்தம். துளித் துளியாகத்தான் விட்டார். ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, விரலால் மூக்கை அழுத்தி எடுத்து, வெளுத்த இடத்தில் சிவப்பு திரும்புகிறதா என்று பார்த்தார். "கண்ணு நல்லாத் தெரியுதா? என் கையில எத்தனை விரல்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போனது 0.6 மி.லி. மிச்சம் 0.4ஐ என் கண்முன்னே குப்பையில் போட்டார். முப்பத்து நாலாயிரம் ரூபாய் சிரிஞ்சில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு! எனக்கு வயிறு எரிந்தது. "எடுத்து வச்சு அடுத்த தடவை போடுறோம்னு யாராச்சும் சொன்னா அங்கிருந்து ஓடிடுங்க" என்றார். திறந்த சிரிஞ்சில் கிருமி வராமல் இருக்குமா?

நான் திருச்சிக்காரி. அன்றைக்கே ரயில் ஏறலாமென்று இருந்தேன். டாக்டர் விடவில்லை, இரண்டு ராத்திரி சென்னையில் தங்க வைத்தார். அடைப்பு சில சமயம் மணிக்கணக்கில் தாமதித்துத் தெரியும், நடுராத்திரி விழுப்புரத்தில் வைத்து யார் மருந்து போடுவது? மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை நல்ல வெளிச்சத்தில் மூக்கைப் படம் எடுத்து அனுப்பினேன்.

கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. இரண்டு வாரம் மூக்கின் மேல் எடை கூடாது, ஜெல்லில் பள்ளம் விழுந்துவிடும். எனக்கு லென்ஸ் ஒத்துக்கொள்ளாது. கண்ணாடியின் பாலத்தைப் பேப்பர் டேப்பால் நெற்றியோடு ஒட்டித் தொங்கவிட்டேன். ஆபீசில் "தலைவலியா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆமாம் என்றேன். மூக்கு உள்ளவரை சளி இருக்கும் என்பார்கள், எனக்கு ஒன்பதாம் நாளே வந்தது. சிந்தாமல், ஒற்றி ஒற்றி எடுத்துப் பாருங்கள், அந்த ஞானம் அப்போதுதான் வரும்.

முதல் வாரம் வீக்கத்தில் நெற்றியிலிருந்தே மூக்கு தொடங்குவது மாதிரி இருந்தது. மூன்றாவது வாரம் வடிந்தபோது, சும்மா சொல்லக் கூடாது, அழகாக இருந்தது. கணவருக்கு வித்தியாசமே தெரியவில்லை. தங்கை மட்டும் "ஹேர்கட் மாத்திட்டியா?" என்றாள். அந்த ஒரு வருஷம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

தப்பு நடந்தது அதற்குப் பிறகுதான். ஒரு வருஷத்தில் போய்விடும் என்று எல்லாரும் சொல்வதால், 2023 ஜூனில் மேடு லேசாக எட்டிப் பார்த்ததும் அவசரப்பட்டேன். சென்னைக்கு அலைய சோம்பல். ஊரிலேயே ஒரு கிளினிக்கில் டாப்-அப் போட்டுக்கொண்டேன். டாக்டர்தான் போட்டார், பிராண்டும் நல்லது. ஆனால் உள்ளே பழையது எவ்வளவு மிச்சம் இருக்கிறதென்று தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. மூக்கு அதிகம் அசையாத இடம், வாயைச் சுற்றிப் போட்டது மாதிரி சீக்கிரம் கரையாது. பழையதின் மேல் புதிது ஏறி, ஆறு மாதத்தில் மூக்குப் பாலம் பக்கவாட்டில் பரந்துவிட்டது. இடது பக்கம் ஒரு நீலச் சாயல் வேறு. ஜெல் தோலுக்கு ரொம்ப அருகில் இருந்தால் வெளிச்சம் பட்டு அப்படித் தெரியும். பவுடர் எவ்வளவு போட்டாலும் மறையாது. மேட்டை மறைக்கப் போய்த் தடித்த மூக்கை வாங்கிக்கொண்டேன்.

அந்த டிசம்பரில் வைரல் காய்ச்சல் வந்தபோது மூக்கு மட்டும் இரண்டு நாள் தனியாக வீங்கியது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி கிளம்பும்போது ஃபில்லர் இருக்கிற இடத்திலும் வேலையைக் காட்டுமாம். 2020இல் மாடர்னா கோவிட் தடுப்பூசிச் சோதனையில்கூட, முகத்தில் ஃபில்லர் போட்டிருந்த மூன்று பேருக்கு இப்படி வீங்கியது பதிவாகியிருக்கிறது. எனக்குத் தானாக வடிந்தது.

2024 பிப்ரவரியில் பழைய டாக்டரிடமே போனேன். திட்டவில்லை. கையில் ஒரு சொட்டு போட்டு அலர்ஜி பார்த்தார், தேனீ கொட்டி ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்றும் கேட்டார். கரைக்கிற ஊசி, போட்ட ஊசியைவிட எரிந்தது. மறுநாள் காலை கண்ணாடியில் பார்த்தால் பத்தாம் வகுப்பு கிளிமூக்கு. இரண்டு வருஷம் பார்க்காத முகம். ஒரு நிமிஷம் அழுதேன், ஏன் என்று இன்றும் பிடிபடவில்லை.

செலவுக் கணக்கு: முதல் தடவை 34 ஆயிரம், டாப்-அப் 22 ஆயிரம், கரைக்க 9 ஆயிரம். ரயில், தங்கல், ஃபீஸ் தனி. மூன்றும் சேர்ந்து 65 ஆயிரத்துக்கு இன்றைக்குக் கையில் இருப்பது, ஒரு பக்கம் லேசாக மிஞ்சியிருக்கிற ஜெல்லும் சிரிஞ்ச் பெட்டியிலிருந்து உரித்த இரண்டு லாட் நம்பர் ஸ்டிக்கர்களும். அந்த ஸ்டிக்கரைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். எதைக் கரைக்கிறோம் என்று டாக்டருக்குத் தெரிந்தது அதை வைத்துத்தான்.

மறுபடி போடுவேனா என்றால், இன்னும் முடிவு செய்யவில்லை. போட்டால் சென்னையில்தான், வருஷக் கணக்குப் பார்த்து இல்லை, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்துத்தான். போன மாதம் கண்ணாடி மாற்றினேன். கடைக்காரப் பையன் தடித்த ஃபிரேம் ஒன்றை எடுத்து மாட்டி, "இது மேடத்துக்கு மூக்குல கரெக்டா உக்காருது" என்றான். மேட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. விலை 1,800 ரூபாய்.