30 கேரக்டரில் ஒரு குத்துவிளக்கு: விளம்பர வாசகச் சேவை ஒன்றைப் பற்றிய மதிப்புரை

கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோவிலில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பித்தளைக் குத்துவிளக்கு விற்று வருகிறது. கார்த்திகைக்கான ஆர்டர் புரட்டாசியிலேயே வரத் தொடங்கிவிடும் என்பதால், கூகுள் தேடலில் விளம்பரம் கொடுக்க எண்ணி, அதன் வாசகங்களை எழுதும் வேலையைத் திருச்சியில் உள்ள ஒரு சிறு நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். 15 தலைப்புகள், 4 விளக்க வரிகள், விளம்பரத்தில் இணைய முகவரியை ஒட்டிக் காட்டப்படும் இரண்டு சிறு சொற்கள் ஆகியவற்றுக்குச் சேர்த்து 3,500 ரூபாய் வாங்கினார்கள்.

அவர்களுடைய உண்மையான திறமை எண்ணிக்கையில் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுவதுதான் நியாயம். கூகுள் ஒரு தலைப்புக்கு 30 கேரக்டரும் (கணினி எண்ணும் எழுத்துக்குறி) ஒரு விளக்க வரிக்கு 90 கேரக்டரும் அனுமதிக்கிறது. தமிழில் இது தாராளமாகத் தோன்றும்; ஆனால் கணினி நம் எழுத்தை நாம் எண்ணுவதுபோல் எண்ணுவதில்லை. யூனிகோடில் புள்ளியும், கால் வாங்கியதும், கொம்பும், சுழியும் தனித்தனிக் குறிகள் என்பதால் ‘கோ’ நமக்கு ஓர் எழுத்து, வாசகத்தைத் தட்டும் பெட்டிக்கு இரண்டு (அதன் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறி). ‘நாச்சியார்கோவில் குத்துவிளக்கு’ என்பதை விரல்விட்டு எண்ணினால் 8 எழுத்தும் 7 எழுத்துமாக 15 வரும். பெட்டியிலோ ஊருக்கு 16, பொருளுக்கு 13, நடுவில் ஓர் இடைவெளி என்று 30 முழுதாகத் தீர்ந்துவிடுகிறது. தொடக்க காலத்தில் தலைப்பின் எல்லை 25 ஆகத்தான் இருந்தது. 2016-இல் அது 30 ஆனது, 2018-இல்தான் தமிழ் விளம்பரத்துக்கு வழி பிறந்தது. எல்லை 25-லேயே நின்றிருந்தால் எங்கள் ஊரும் பொருளும் ஒரே வரியில் நின்றிருக்காது. முகவரிச் சொல்லுக்கோ எல்லை 15 என்பதால் ஒரே ஒரு கேரக்டரில் எங்கள் ஊர் வெளியே நின்றுவிட்டது. அந்த இடத்தில் ‘கும்பகோணம்’ என்று போட்டார்கள். புவிசார் குறியீடு எங்கள் ஊர்ப் பெயரில் இருக்கும்போது இது சற்று உறுத்தத்தான் செய்தது, ஆனால் அவர்களைக் குறை சொல்ல வழியில்லை.

இடத்தை மிச்சம் பிடிக்க அவர்கள் கையாண்ட ஒரு வழிதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒற்று ஒவ்வொன்றும் மெய்க்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று என்று இரண்டு கேரக்டரைத் தின்கிறது என்பதால் ‘விளக்குக் கடை’ என்பதை ‘விளக்கு கடை’ ஆக்கி, அதேபோல் ஆறேழு இடங்களில் ஒற்றைக் கொன்றிருந்தார்கள். வாங்குபவர் இதையெல்லாம் பார்ப்பதில்லை என்றார்கள். பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், கோவிலுக்கு விளக்கு வாங்கித் தரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எங்களுக்கு நல்ல வாடிக்கை. ஒற்றுக்கு இடம் இல்லையென்றால் சொல்லை மாற்றலாமே தவிர, பிழையை விற்கக் கூடாது.

இதைவிடப் பெரிய குறை, எண்ணத் தெரிந்த அளவுக்கு அவர்களுக்கு விளக்கைத் தெரியவில்லை என்பது. முதலில் வந்த பட்டியலில் ‘சிறந்த தரமான குத்துவிளக்குகள்’ என்றொரு தலைப்பு இருந்தது. 29 கேரக்டர், கச்சிதமாக அடங்குகிறது, ஆனால் எவர்சில்வர் கடைக்காரரும் இதையே தன் பொருளுக்குச் சொல்லிக்கொள்ளலாம். தொலைபேசியில் எங்களிடம் கேட்கப்படுவது தரத்தைப் பற்றி அல்ல: மூன்று அடி விளக்கு எத்தனை கிலோ வரும், அடிப்பாகமும் தண்டும் தட்டும் திருகிக் கழற்றும்படி இருக்குமா, உச்சியில் அன்னம் உண்டா, இன்றைய பித்தளை விலைக்கு என்ன ஆகும். இந்தக் கேள்விகளை எழுதி அனுப்பிய பிறகு இரண்டாவது சுற்றில் ‘3 அடி, 5 முக விளக்கு’, ‘எடை போட்டு விலை’ என்று வந்தன. 20 கேரக்டர், 15 கேரக்டர். பித்தளை விலை ஏறி இறங்குவதால் ரூபாயைத் தலைப்பில் போட முடியாத எங்களுக்கு இரண்டாவது தலைப்பு பெரிய உதவி. விளக்க வரிகளில் நான் மிகவும் மதிப்பது இதை: ‘உயரத்தைச் சொன்னால் எடையும் அன்றைய விலையும் கணக்கிட்டுப் படத்துடன் அனுப்புவோம்.’ ஒற்றுகளோடு சேர்த்து 78. அதற்கு மேல் 12 மிச்சம். அதை நிரப்பித்தான் ஆகவேண்டும் என்று ஒரு சொல்லையும் திணிக்காமல் விட்டது அவர்களுடைய பக்குவம்.

இடையில் ஒரு சங்கடமும் நேர்ந்தது. இந்த வகை விளம்பரத்தில் கொடுத்த தலைப்புகளிலிருந்து அதிகபட்சம் மூன்றை கூகுளே தேர்ந்து, தான் விரும்பிய வரிசையில் காட்டும். குறிப்பிட்ட ஒன்று குறிப்பிட்ட இடத்தில்தான் வரவேண்டுமென்றால் அதை ‘பின்’ (pin) செய்ய, அதாவது அந்த இடத்திலேயே குத்தி நிறுத்த வேண்டும். அந்தத் திருச்சி நிறுவனத்தார் ஒரே வாக்கியத்தை இரண்டாகப் பிளந்து ‘இனி கடைக்கு வர வேண்டாம்’ என்று ஒரு தலைப்பும் ‘வீட்டுக்கே அனுப்புகிறோம்’ என்று இன்னொன்றும் கொடுத்துவிட்டு, இரண்டையும் பின் செய்யவில்லை. ஒருநாள் மன்னார்குடியிலிருந்து பழைய வாடிக்கையாளர் ஒருவர் அழைத்து, “என்ன அண்ணே, கடையை மூடிட்டீங்களா? வர வேண்டாம்னு போட்டிருக்கே” என்று கேட்டார். அவர் அனுப்பிய படத்தில் எங்கள் ஊர்ப் பெயருக்கு அடுத்தபடியாக அந்த முதல் பாதி மட்டும் நின்றது. சொன்ன அன்றே நீக்கினார்கள். இருந்தாலும் ஒவ்வொரு தலைப்பும் தனியாக நின்றாலும் பொருள் தரவேண்டும் என்பது இந்த வேலையின் அரிச்சுவடி.

விதிமுறைகளில் தடுமாற்றம் இல்லை. தலைப்பில் ஆச்சரியக்குறி கூடாது, வாசகத்துக்குள் தொலைபேசி எண் கூடாது என்பதை அறிந்து எண்ணை அதற்குரிய தனி இணைப்பில் சேர்த்திருந்தார்கள். ‘விளம்பர வலிமை’ என்று திரையில் காட்டும் அளவுகோலை உச்சிக்கு ஏற்றுவதில் அவர்களுக்கு இருந்த ஆர்வம் மட்டும் எனக்கு விளங்கவில்லை. தலைப்புகள் எத்தனை, எவ்வளவு வேறுபட்டவை, தேடுசொல் உள்ளதா என்பதைப் பார்க்கும் அந்த அளவுகோலுக்கு விளக்கு வாங்க வருபவரின் மனம் தெரியாது. அதற்காகவே சேர்த்த நான்கு தலைப்புகளை நான் எடுக்கச் சொன்னேன். ஊர்ப் பெயருள்ள தலைப்பை முதலிடத்தில் பின் செய்யவும் சொன்னேன். அளவுகோல் இறங்கியது. ஆனால் விசாரிப்பவர்கள் எடை போட்டுத்தான் விலை என்பதை அறிந்துகொண்டே பேசுகிறார்கள்.

வரும் தை மாதக் கல்யாணப் பருவத்துக்கும் இவர்களிடமே கொடுக்கிறேன். இம்முறை பட்டியலை எழுதுவதற்கு முன் அவர்களில் ஒருவர் பட்டறைக்கு வந்து, காவிரி வண்டலில் அச்செடுத்து வார்ப்பதை அரைநாள் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்று நிபந்தனை வைத்திருக்கிறேன். பேருந்துக் கட்டணம் என் பொறுப்பு.