பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்: காப்பாற்றுவதும் டைம்ஷிஃப்ட், கழுத்தறுப்பதும் டைம்ஷிஃப்ட்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்ததிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "ஏழெட்டு வருஷத்து லேப்டாப், விண்டோஸ் 11 ஏறாதாம். மின்ட் போடலாமா?" தாராளமாகப் போடலாம். லினக்ஸ் மின்ட் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம். 4 ஜிபி ராம் என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 8 ஜிபி என்றால் சின்னமன். எந்தப் பதிப்பு என்பதைவிட, பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுவதுதான் வேகத்தைக் கூட்டும். பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சிப் இருக்கும் லேப்டாப்பில் முதலில் நெட் வராமல் போகலாம். போனை யூஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போட்டு, டிரைவர் மேனேஜரில் அதற்கான டிரைவரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். இதெல்லாம் முதல் நாள் சமாச்சாரம்.

மாதக்கணக்கில் ஓட்டிய பிறகு பேசவேண்டியது டைம்ஷிஃப்ட் பற்றித்தான். சிஸ்டம் நன்றாக இருக்கும்போதே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு ஏதாவது கெட்டால் அந்த நாளுக்கே திருப்பிக் கொண்டுபோகும் கருவி இது. மின்ட்டோடு கூடவே வருகிறது. அப்டேட்டுக்குப் பிறகு திரை கறுப்பாகவே நின்றுவிட்டால்கூடக் கவலையில்லை. மின்ட்டை நிறுவப் பயன்படுத்திய பென் டிரைவிலிருந்தே லேப்டாப்பைத் தொடங்கி (பூட் செய்து), மெனுவில் டைம்ஷிஃப்ட்டைத் திறந்து, லேப்டாப்பின் வட்டைக் காட்டினால் பழைய ஸ்னாப்ஷாட்டுகள் தேதிவாரியாக வரிசையில் நிற்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து ரெஸ்டோர் கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. கணினி தெரியாதவருக்கும் போனிலேயே சொல்லிக்கொடுத்துவிடலாம். இந்த ஒரு வசதிக்காகவே மின்ட்டைப் பரிந்துரைக்கலாம்.

ஆத்திரம் வருவது இதே கருவியின் மேல்தான். 120 ஜிபி எஸ்எஸ்டியில் சத்தமில்லாமல் இடத்தைத் தின்றுகொண்டே இருக்கும். ஒருநாள் பாஸ்வேர்டு சரியாக அடித்தும் திரை ஒரு கணம் கறுத்து மறுபடி லாகின் பக்கத்துக்கே வந்து நிற்கும். எத்தனை முறை அடித்தாலும் அதே கதை. பாஸ்வேர்டு மறந்துவிட்டது, வைரஸ் வந்துவிட்டது, மின்ட் கெட்டுவிட்டது என்று பயந்து மொத்தத்தையும் அழித்து மறுபடி நிறுவிவிடுகிறார்கள். வட்டு நிறைந்துவிட்டது என்று அந்தத் திரை ஒரு வரி சொல்வதில்லை.

காரணம் இதுதான். மின்ட் வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 என்ற வடிவில் அமைந்த பார்ட்டிஷனில் (வட்டின் பகுதியில்) 5 சதவீத இடம் சிஸ்டத்துக்கென்று ஒதுக்கியிருக்கும். 120 ஜிபி வட்டில் அது ஏறக்குறைய 6 ஜிபி. சாதாரணப் பயனர் அதைத் தொட முடியாது. டைம்ஷிஃப்ட்டும் அப்டேட்டும் நிர்வாகி உரிமையில் ஓடுவதால் அதற்குள்ளும் புகுந்து எழுதும். மீதி இடம் தீர்ந்துபோனால், லாகின் ஆகும்போது உங்கள் ஹோம் ஃபோல்டரில் எழுதவேண்டிய சின்னஞ்சிறு கோப்பைக்கூட எழுத முடியாது. அதனால் உள்ளே போன வேகத்தில் வெளியே தள்ளப்படுகிறீர்கள்.

இந்த நிலையில் எதையும் அழித்து நிறுவ வேண்டாம். அதே பென் டிரைவில் பூட் செய்து, டைம்ஷிஃப்ட்டைத் திறந்து, பழைய ஸ்னாப்ஷாட்டுகள் இரண்டு மூன்றை டெலிட் செய்யுங்கள். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் என்பதால் நேரம் எடுக்கும், பாதியில் அணைக்காதீர்கள். பிறகு வழக்கம்போல லாகின் ஆகும்.

இடம் எப்படிப் போகிறது என்று தெரிந்தால்தான் மறுபடி வராமல் தடுக்க முடியும். முதல் ஸ்னாப்ஷாட் சிஸ்டம் முழுவதையும் நகல் எடுக்கும். புதிதாக நிறுவிய மின்ட்டுக்கே 10 ஜிபிக்கு மேல் ஆகும். அடுத்தடுத்தவை மாறிய கோப்புகளை மட்டும் புதிதாக எழுதும். மாறாதவற்றை முந்தைய ஸ்னாப்ஷாட்டோடு பகிர்ந்துகொள்ளும். இதுவரை நியாயம்தான். சிக்கல் இரண்டு இடத்தில் இருக்கிறது.

முதலாவது, கையால் எடுக்கும் ஸ்னாப்ஷாட். அட்டவணைப்படி எடுப்பவற்றில் எண்ணிக்கை மீறினால் பழையது தானாகப் போய்விடும். கிரியேட் பட்டனை அழுத்தி நீங்களே எடுத்தது போகாது. டைம்ஷிஃப்ட் பட்டியலில் டேக்ஸ் என்ற பத்தியைப் பாருங்கள். 'டி' என்றால் தினசரி, 'டபிள்யூ' என்றால் வாராந்தரம், 'ஓ' என்றால் கையால் எடுத்தது. ஒவ்வொரு அப்டேட்டுக்கு முன்பும் ஜாக்கிரதையாக ஒன்று எடுத்து வைத்தவரின் வட்டில் இந்த 'ஓ'க்கள்தான் குவிந்து கிடக்கும்.

இரண்டாவது, ஹோம் ஃபோல்டர். அதைச் சேர்க்காமல் விடுவதுதான் டைம்ஷிஃப்ட்டின் இயல்பு. "நம் ஃபைலும் பத்திரமாக இருக்கட்டுமே" என்று எல்லாவற்றையும் சேர்க்கும் தேர்வை டிக் செய்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் 4 ஜிபி வீடியோ 8 ஜிபி ஆகிவிடும். வீடியோவை அழித்தாலும் ஸ்னாப்ஷாட்டுக்குள் இருக்கும் நகல் அப்படியே கிடக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து ரெஸ்டோர் செய்யும்போது வரும்: நேற்று எழுதிய கடிதமும் போன வாரத்து நிலைக்குத் திரும்பிவிடும். உங்கள் ஃபைல்களுக்கு டைம்ஷிஃப்ட் வேண்டவே வேண்டாம். அதற்கு மின்ட்டிலேயே பேக்கப் டூல் தனியாக இருக்கிறது. இல்லையென்றால் வெளி வட்டில் காப்பி எடுத்து வையுங்கள்.

120 ஜிபி வட்டுக்கு ஏற்ற அமைப்பு: தினசரி 2, வாராந்தரம் 1. மணிக்கொரு முறை, ஒவ்வொரு பூட்டிலும் என்ற இரண்டையும் டிக் செய்யாதீர்கள். அப்டேட் மேனேஜரின் விருப்பங்களில் ஆட்டோமேஷன் பகுதிக்குப் போய், பழைய கர்னல்களை (சிஸ்டத்தின் மையப் பகுதியின் பழைய பதிப்புகளை) தானாக நீக்கும் தேர்வை இயக்கிவிடுங்கள்; ஒவ்வொரு கர்னலும் சில நூறு எம்பி. சாஃப்ட்வேர் மேனேஜரில் ஒரே செயலி சிஸ்டம் பேக்கேஜ், ஃபிளாட்பேக் என்று இரு வகையில் கிடைத்தால், தேவை இல்லாதவரை ஃபிளாட்பேக் பக்கம் போகாதீர்கள். சின்னச் செயலிக்கும் பெரிய அடித்தளத்தைக் கூடவே இழுத்துவரும்.

இன்னும் நல்ல வழி, ஸ்னாப்ஷாட்டை வேறு வட்டுக்கு மாற்றுவது. டிவிடி டிரைவ் உள்ள பழைய லேப்டாப்பில் இது சுலபம். டிவிடி டிரைவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கேடி என்ற சட்டத்தில் பழைய ஹார்டு டிஸ்க்கைப் பொருத்தலாம். கேடி 9.5 மிமீ, 12.7 மிமீ என்று இரண்டு தடிமனில் வருகிறது. டிவிடி டிரைவை அளந்து பார்த்த பிறகே வாங்குங்கள். வெளி யூஎஸ்பி வட்டும் போதும். எதுவானாலும் விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் வடிவில் இருந்தால் டைம்ஷிஃப்ட் ஏற்காது, எக்ஸ்ட்4 ஆக ஃபார்மட் செய்தாக வேண்டும். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்பதால், முதலில் ஃபைல்களை வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 64 ஜிபி வட்டு மட்டுமே உள்ள லேப்டாப்பை வீட்டுப் பெரியவருக்கோ படிக்கும் பிள்ளைக்கோ கொடுப்பதானால், அந்த வட்டில் டைம்ஷிஃப்ட் வேண்டாம். அணைத்துவிட்டுக் கொடுங்கள். அப்டேட் கெட்டால் மறுபடி நிறுவ அரைமணி நேரம் ஆகும், அவ்வளவுதான். லாகின் திரையில் மாட்டிக்கொண்டு தவிப்பது அதைவிடக் கொடுமை. எவ்வளவு பெரிய வட்டாக இருந்தாலும் நிறுவிய பென் டிரைவை அழிக்காமல் லேப்டாப் பையிலேயே போட்டு வையுங்கள். பென் டிரைவிலிருந்து தொடங்கத் தேர்வு தரும் பூட் மெனு எஃப்12இல் வருகிறதா, எஃப்9இல் வருகிறதா, எஸ்கேப்பில் வருகிறதா என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி அதோடு ஒட்டிவிடுங்கள்.