க்ரோஸில் வீடு: கருங்கல் வீடா, எழுபதுகளின் பவியோனா?

பிரான்சின் நடுவே க்ரோஸ் மாவட்டம், லா சூத்தெரென் ரயில் நிலையத்திலிருந்து காரில் இருபது நிமிடம். நானூறு பேர்கூட இல்லாத கொம்யூன், அதாவது ஊராட்சி. அதன் அலுவலகமான மேரி வாரத்தில் மூன்று நாள், அதுவும் காலையில் மட்டும்தான் திறந்திருக்கும். பாரிஸ் புறநகரில் இருபத்திரண்டு வருடம் வாடகைக்கு இருந்துவிட்டுப் போன வருடம் இங்கே வீடு வாங்கினோம். கடைசியில் எங்கள் முன் இரண்டு வீடுகள் நின்றன. ஒன்று, தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த பழைய கருங்கல் வீடு. கேட்ட விலை 46,000 யூரோ. மற்றது ஊர் எல்லையில் 1978இல் கட்டிய பவியோன், அதாவது ஒற்றைத்தளத் தனிவீடு, 89,000. நாங்கள் எடுத்தது பவியோனை. “பாதி விலைக்குக் கிடைத்ததை விட்டுவிட்டு இதையா வாங்கினீர்கள்?” என்று கேட்காத உறவினர் இல்லை.

அழகில் கல்வீட்டுக்குத்தான் வெற்றி. அரை மீட்டருக்கும் அதிகமான தடிப்பில் சுவர், ஓக் மர உத்தரம், ஆள் உள்ளே நிற்கக்கூடிய அடுப்பங்கரை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸைக் கட்டியெழுப்பக் கால்நடையாகப் போன மேசன்களின் ஊர் இது. அவர்கள் கைவேலை ஒவ்வொரு மூலைக்கல்லிலும் தெரியும். பவியோனைப் பற்றி அப்படிச் சொல்ல ஒன்றுமில்லை. சீமெந்துக் கல், வெள்ளைப் பூச்சு, சுற்றிவர 1,400 சதுர மீட்டர் வளவு, கராஜ். அவ்வளவுதான். நொத்தாரிசு செலவு இரண்டுக்கும் ஒரே கணக்கு. பழைய வீடென்றால் பொதுவாக விலையில் ஏழு எட்டு வீதம் போய்விடும்.

பெப்ரவரி மாதத்தில் கல்வீட்டைப் பார்க்கப் போனது நல்லதாய்ப் போயிற்று. வடக்குச் சுவரை ஒட்டி நின்ற அலுமாரியை என் மனைவி ஒரு சாண் நகர்த்தினார். பின்னால் இடுப்பளவு உயரத்துக்கு வெள்ளை உப்புப் பூத்திருந்தது. உள்ளங்கையை வைத்தால் ஈரம். யாரோ ஒருவர் சுண்ணாம்பு பூசவேண்டிய சுவருக்குச் சீமெந்து பூசியிருக்கிறார். கல்லுக்குள் ஏறிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறது. உரித்துச் சுண்ணாம்பு பூசலாம், பணம் இருந்தால்.

ஆனால் எங்களை முடிவெடுக்க வைத்தது அந்த ஈரம் அல்ல. நாளைக்கு நாங்களோ பிள்ளைகளோ இதை விற்கவேண்டி வந்தால் யார் வாங்குவார்கள் என்ற கேள்விதான்.

பாரிஸில் எந்த வீட்டுக்கும் ஆள் வரும். இங்கே ஒரு வருடத்தில் விலைப்படும் வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2019 முதல் அரசாங்கம் உண்மையான விற்பனை விலைகளை இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. டேவேஎஃப் (DVF) என்று தேடினால் தெருத் தெருவாகப் பார்க்கலாம். இரண்டு இரவு இருந்து எங்கள் கொம்யூனையும் பக்கத்துக் கொம்யூன்களையும் பார்த்தேன். கல்வீடு ஒன்று இரண்டு தடவை கைமாறியிருந்தது. இரண்டாவது விலை முதல் விலையைவிடக் குறைவு. நடுவில் வாங்கியவர் அதில் கொட்டிய பணம் அந்தப் பட்டியலில் வராது.

ஊரில் கதைத்துப் பார்த்ததில் வாங்க வருபவர்கள் மூன்று வகை. தோட்டத்தையும் பெரிய வீட்டையும் விட்டுவிட்டு, படி ஏறத் தேவையில்லாத வீடு தேடும் வயதானவர்கள். லா சூத்தெரெனில் வேலை, வங்கிக் கடனில் வாங்கும் இளம் குடும்பங்கள். பிறகு வெளியூர்க்காரர்: பாரிஸ்காரர், டச்சுக்காரர், ஆங்கிலேயர். கல்வீட்டுக்கு ஆசைப்படுவது பெரும்பாலும் மூன்றாவது வகைதான். அதிலும் 2021 முதல் பிரித்தானியர் விசா இல்லாமல் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். முதல் இரண்டு வகையும் கேட்பது பவியோனை.

விற்க முடியாவிட்டால் வாடகைக்கு விடலாமே என்றார் அத்தான். அங்கேதான் சிக்கல். ஏ முதல் ஜி வரை தரம் போடும் எரிசக்தி மதிப்பீட்டில் அந்தக் கல்வீடு ஜி, கடைசித் தரம். 2025 ஜனவரியிலிருந்து ஜி வீட்டைப் புதிதாக வாடகைக்கு விட முடியாது. 2028இல் எஃப், 2034இல் ஈ. விற்பதற்குத் தடையில்லை, ஆனால் ஜி, எஃப் வீடுகளையும் 2025 முதல் ஈ வீடுகளையும் விற்கும்போது எரிசக்தித் தணிக்கை அறிக்கையும் காட்டவேண்டும். எந்தத் திருத்தத்துக்கு எவ்வளவு செலவு என்று அதில் எழுதியிருக்கும். கல்வீட்டின் அறிக்கையில் கடைசித் தொகை வீட்டு விலையையே தாண்டியிருந்தது. நான் விற்கும் நாளில் வாங்க வருபவரும் இதே தாளைக் கையில் வைத்துக்கொண்டுதானே விலை பேசுவார்!

எங்கள் பவியோன் ஈ. 1974இல் வெப்பக்காப்பு விதி வந்த பிறகு கட்டியதால் சுவரில் ஏதோ கொஞ்சம் இருக்கிறது. கூரைக்குள் ஏறிப் பார்த்தால் கண்ணாடிப் பஞ்சு அப்பளம்போலத் தட்டையாகிக் கிடந்தது. அதை மாற்றுவது ஒரு நாள் வேலை.

பவியோனின் குறையையும் மறைக்க மாட்டேன். கல்வீடு ஊர்ச் சாக்கடையில் இணைந்தது. எங்களுக்கு மலக்குழி. சோதனை அறிக்கை விதிக்குப் பொருந்தாது என்று சொன்னது. அப்படியானால் உறுதி எழுதி ஒரு வருடத்துக்குள் வாங்கியவர்தான் சரிசெய்யவேண்டும். அதைக் காட்டித்தான் விலையை 81,000க்கு இறக்கினோம், மிச்சம் பிடித்தது முழுவதும் குழிக்கே போகிறது. கராஜில் எண்ணெய் பொயிலர் ஒன்று நிற்கிறது. 2022 ஜூலையிலிருந்து புதிய எண்ணெய் பொயிலர் பூட்ட முடியாது, பழுதானால் திருத்தலாம். அது நிற்கும் நாளில் வெப்பப் பம்புக்குக் காசு தேடவேண்டும்.

நாங்கள் இங்கே கழித்தது ஒரே ஒரு குளிர்காலம், அதுவும் கடுமையில்லாதது. இங்கே நிலம் கருங்கல். களிமண் நிலத்தில் பவியோன் வாங்குபவர்களுக்கு எங்கள் அனுபவம் பொருந்தாது, அங்கே வரட்சியில் சுவர் வெடிக்கும். கல்வீடுதான் வேண்டும் என்பவர்கள் எரிசக்தி மதிப்பீட்டில் ஈக்குக் கீழே போகாததாக, சுண்ணாம்புப் பூச்சு உள்ளதாகத் தேடுங்கள். கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. பார்க்கப் போவது பெப்ரவரியில் இருக்கட்டும், அலுமாரிகளைக் கட்டாயம் நகர்த்திப் பாருங்கள். விரும்பினால் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகும் பத்து நாள் அவகாசம் உண்டு, காரணம் சொல்லாமலே விலகலாம்.